ஆதார நிதியா, விதை நல்கையா?

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வாத்தியாருக்கும் 'மாஷ்' என்பதுதான் பட்டம். பணி ஓய்வு பெற்ற பிறகும் அக்ஷயா இ-சேவை மையத்து வாசலில் என்னைக் கண்டால் மனு எழுதவோ படித்துச் சொல்லவோ யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். போன வாரம் கூப்பிட்டவர் ஒரு தென்னை விவசாயி. கையில் துண்டுத்தாள் வைத்திருந்தார். பக்கத்துக் கல்லூரி ஒன்று மலையாளத்திலும் தமிழிலும் அச்சடித்துக் கடைகளில் கொடுத்த அறிவிப்பு அது. தமிழ்ப் பாதியில் "சுத்த எரிசக்தி ஆய்வுகளுக்கு ஆதார நிதி வழங்கப்படும்" என்று இருந்தது.

"மாஷே, ஆதார் அட்டை மட்டும் போதுமா, பாஸ் புத்தகமும் வேண்டுமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை இந்த ஆண்டில் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அவர் படித்ததில் பிழை இல்லை, எழுதியதில்தான் பிழை. மலையாளப் பாதியில் ஆங்கிலத்தின் 'சீட் கிராண்ட்' (seed grant) என்பதை அப்படியே ஒலிபெயர்த்துத் தப்பித்திருந்தார்கள். தமிழுக்கு அந்த வழியும் அடைப்பு. 'சீட்' என்று எழுதினால் பாதிப் பேர் பஸ்ஸில் இடம் என்பார்கள், மீதிப் பேர் சீட்டுக் கம்பெனி என்று எழுந்து ஓடுவார்கள்.

பொருள் எளியதுதான். ஆய்வாளரிடம் ஓர் எண்ணம் மட்டும் இருக்கும்போது பெரிய நிதியமைப்புகள் திரும்பிப் பார்ப்பதில்லை. முதற்கட்ட முடிவுகளைக் காட்டு என்கின்றன. முடிவு காட்டப் பணம் வேண்டும், பணம் வர முடிவு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. அந்த முடிச்சை அவிழ்க்கப் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து கொடுக்கும் சிறு தொகைதான் இது. கொப்பரை காயவைக்கச் சூரிய உலர்த்தி செய்து பார்க்க நினைப்பவருக்குத் தகடும் விசிறியும் வெப்பமானியும் வாங்குகிற காசு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆற்றல் ஆய்வுகளுக்கென்றே 2008 முதல் இப்படிக் கொடுத்துவருகிறார்கள். நம் கல்லூரிகளில் இந்தச் சொல் பரவியதற்கு கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கும் பங்கு உண்டு. ஆசிரியர்களின் ஆய்வுக்கு 'சீட் மணி' எத்தனை லட்சம் கொடுத்தீர்கள் என்று அதில் ஒரு கேள்வி வைத்தார்கள். பணம் வந்ததோ இல்லையோ, சொல் வந்துவிட்டது.

ஆங்கிலச் 'சீட்' வேறொன்றும் இல்லை, விதைதான். தமிழில் வித்து, விதை, மலையாளத்திலும் வித்து, தெலுங்கில் வித்தனம், கன்னடத்தில் வகரம் பகரமாகிப் பித்து. ஒரே குடும்பத்துச் சொல். வரலாறு அவ்வளவுதான்.

'ஆதார நிதி'யை இந்தக் கல்லூரி கண்டுபிடிக்கவில்லை. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டத்துக்குத் தமிழில் 'புத்தொழில் ஆதார நிதி' என்று பெயர். (புத்தொழில் நல்ல சொல், அதை ஆக்கியவர் கைக்கு மோதிரம் போடலாம்.) அரசாணையில் ஏறிய சொல் செய்தித்தாளில் ஏறும், பிறகு வாளையாறு எல்லை தாண்டி இங்கேயும் வரும்.

ஆதாரம் என்றால் தாங்கி நிற்பது. நீராதாரம், வாழ்வாதாரம், மூலாதாரம் எல்லாம் அடியில் இருந்து தாங்குபவை. வழக்குமன்றத்தில் அதுவே சான்று. ஒரு பல்கலைக்கழகத்தைத் தாங்குகிற நிதி எது? சம்பளமும் மின்கட்டணமும் கொடுக்க ஆண்டுதோறும் வருகிறதே, அதுதான். அதைத்தான் ஆதார நிதி என்று சொல்ல வேண்டும். விதைப்பணம் நேர்மாறானது. ஒருமுறை வரும், மண்ணுக்குள் போகும், முளைத்தால் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் துணைவேந்தர் எதைக் கேட்கிறார், இளம் ஆய்வாளர் எதைக் கேட்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு கூத்தும் உண்டு. விதை மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைப் பார்த்தவர்களுக்கு 'ஆதார விதை' தெரியும். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். நம் மொழிபெயர்ப்பாளர் விதையைக் கீழே போட்டுவிட்டு வெள்ளை அட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அறிவிப்பை எழுதியவர் என் பழைய மாணவர்தான். தொலைபேசியில் பிடித்தேன். "விதை என்பது உருவகம் மாஷே, அலுவல் தமிழில் உருவகம் சரிவராது" என்றார். ஆதாரம் மட்டும் என்னவாம்? தாங்குவது என்கிற உருவகம்தானே, வடமொழியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. சற்றுத் தயங்கி, "விதை என்றால் மாணவர்கள் வேறு பொருளில் சிரிக்கிறார்கள்" என்றார். அதுதான் உண்மைக் காரணம். விதைநெல் என்று அந்த மாணவர்களின் தாத்தா சொன்னபோது களத்துமேட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறீர்கள் என்று என்மேலும் குற்றம் சொல்வார்கள். 'வித்தும் இடல்வேண்டும் கொல்லோ' என்று வள்ளுவர் எந்த ஆங்கிலத்தைப் பெயர்த்தார்? பகலில் விதைத்த நெல்லை மழை இரவில் வாரிவந்து அடியாருக்கு அமுது படைத்த இளையான்குடி மாறனாரின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விதைநெல்லைத் தின்னக் கூடாது, தின்றுவிட்டால் அடுத்த போகம் இல்லை என்கிற நடுக்கம் விதை என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தோல்விக்கும் அதில் இடம் உண்டு. சான்று பெற்ற நிலக்கடலை விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். நூற்றுக்கு முப்பது முளைக்காமல் போகலாம் என்று விதிமுறையே ஒப்புக்கொள்கிறது. ஆய்வுக்குக் கொடுக்கிற காசையும் அந்த மனத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆதாரம் முப்பது சதவீதம் பொய்த்தால் வீடே சாய்ந்துவிடும்.

ஆகவே விதை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. 'விதை நிதி' என்று சிலர் எழுதுவதில் பின்பாதிதான் இடிக்கிறது. நிதி என்பது சேர்த்துவைத்தது, புதையல். கொடுப்பவரிடம் இருக்கும்வரை அது நிதி. ஆய்வாளர் கைக்கு வந்தபின் என்ன? திருப்பித் தர வேண்டாத கொடை என்றால் நல்கை. பல்கலைக்கழக நல்கைக்குழு என்று ஏற்கெனவே எழுதிப் பழகிய சொல்தான். மானியம் என்றால் உரக்கடை வரிசைதான் நினைவுக்கு வரும். பங்கோ வட்டியோ எதிர்பார்த்துப் போடுவது முதல். 'முதல் போட்டான்' என்று கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கிறோமே, அந்த முதல். எனவே விதை நல்கை வேறு, விதை முதல் வேறு.

இது வெறும் புலவர் சண்டை அல்ல. மத்திய அரசு 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதைத் திட்டத்தில், கருத்தை மெய்ப்பித்துப் பார்க்க 20 லட்சம் ரூபாய் வரை கொடை என்று வைத்தார்கள். சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னால் பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரமாகவோ என்று வைத்தார்கள். இரண்டையும் 'நிதி உதவி' என்று ஒரே வாளியில் ஊற்றினால், கடன் வாங்கியவன் கொடை வாங்கியதாக நினைத்து ஊருக்கு இனிப்புக் கொடுப்பான்.

மாணவர் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். மூன்றாம் நாள் புதுத்தாள் அடித்து என்னிடமே கொண்டுவந்தார். ஆதார நிதி போயிருந்தது. "சுத்த எரிசக்தி ஆய்வுகளுக்கு விதை நல்கை" என்று இருந்தது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை சுற்றுகிறது. அங்கே எது எரிகிறது? வெயில் தகட்டில் எது எரிகிறது? தூய ஆற்றல் என்று எழுத என்ன கேடு? கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு சண்டை போதும் என்று டீ சொன்னேன்.