இரண்டாண்டு வேலை முன்கணிப்பை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்

ஒரு வட்டாரத்தில் அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்தத் தொழிலுக்கு எத்தனை பேர் தேவைப்படுவார்கள், அதற்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணைகளைக் கல்வி ஆலோசகர்கள் அச்சடித்து மாணவர்களிடம் கொடுக்கிறார்கள். பயிற்சி நிறுவனங்கள் அதே எண்களை எடுத்து விளம்பரத்தில் போடுகின்றன. வாங்கிப் பார்ப்பவரின் கண் நேராக இரண்டு இடங்களுக்குப் போகும்: வளர்ச்சி சதவீதம், கல்வித் தகுதி. இந்த இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம் ஏறக்குறைய உறுதி. அந்த ஏமாற்றத்தில் போவது ஒருவருடைய இளமையில் இரண்டு மூன்று ஆண்டுகள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில் சதவீதம். கணக்குப் புரிவதற்காக மூன்று தொழில்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முதல் தொழிலில் 1,000 பேர் இருக்கிறார்கள், இரண்டு ஆண்டில் 1,200 ஆவார்கள். வளர்ச்சி 20 சதவீதம். இரண்டாவது தொழிலில் 40,000 பேர். வளர்ச்சி வெறும் 1 சதவீதம். மூன்றாவது தேய்ந்துவரும் தொழில், 5,000 பேர் 4,800 ஆகிறார்கள். சதவீதத்தைப் பார்ப்பவர் முதல் தொழிலை நோக்கி ஓடுவார்.

ஆனால் காலியிடம் என்பது புதிதாக உருவாகும் இடம் மட்டும் இல்லை. ஓய்வு பெறுபவர், உடல்நலத்தாலோ குடும்பப் பொறுப்பாலோ வேலையையே விடுபவர், வேறு தொழிலுக்கு மாறுபவர் ஆகியோர் விட்டுச்செல்லும் இடமும் அதில் சேரும். முதல் தொழிலை விட்டு ஆண்டுக்கு 5 சதவீதம் பேர் வெளியேறுவதாக வைத்தால் (1,000-க்கும் 1,200-க்கும் சராசரியான 1,100 பேரை வைத்துக் கணக்கிட்டால்) இரண்டு ஆண்டில் சுமார் 110 இடம், வளர்ச்சியில் 200 இடம், மொத்தம் 310. இரண்டாவதில் வெளியேற்றம் 12 சதவீதம் என்றால் சுமார் 9,650 இடம், வளர்ச்சியில் 400, மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல். தேயும் தொழிலில் வெளியேற்றம் 6 சதவீதம் என்றால் சுமார் 590 பேர் போகிறார்கள். அதில் 200 இடம் நிரப்பப்படாமல் மறைந்துவிடும். மீதி 390. அதாவது சுருங்குகிற தொழிலில் உள்ள காலியிடம், வேகமாக வளர்கிற தொழிலில் உள்ளதைவிட அதிகம். 'அந்தத் துறை அழியப்போகிறது' என்று கேட்டதும் விலகி ஓடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் செயலகத்தின் முறைப்படி, தொழிலை விட்டே போகிறவர்தான் வெளியேறியவராக எண்ணப்படுகிறார். ஒரு மருத்துவமனையை விட்டு இன்னொரு மருத்துவமனையில் சேரும் செவிலியர் இந்தக் கணக்கில் வரமாட்டார். ஆனால் அவர் விட்ட இடத்துக்கு விளம்பரம் வரும். ஆகவே வேலை விளம்பரங்களின் எண்ணிக்கையும் முன்கணிப்புக் காலியிடமும் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு.

இனி அட்டவணையில் கல்வித் தகுதி போட்டிருக்கும் பத்திக்கு, அதாவது அந்த நெடுவரிசைக்கு வருவோம். அங்கே குறிப்பிடப்படுவது, அந்தத் தொழிலுக்குள் நுழைய வழக்கமாகத் தேவைப்படும் கல்வி. இப்போது அந்த வேலையில் இருப்பவர்கள் படித்த படிப்பு வேறாக இருக்கலாம். உள்ளூர் முதலாளி கேட்கும் தகுதியும் வேறாக இருக்கலாம், ஏனென்றால் பெரும்பாலும் ஒரு தொழிலுக்கு ஒரே கல்வி நிலையை நாடு முழுமைக்கும் நிர்ணயித்து, அதையே வட்டார அட்டவணையிலும் ஒட்டுகிறார்கள். வேலை தேடுவோர் பெருகும் காலத்தில் முதலாளிகள் பட்டம் கேட்பார்கள்; ஆள் கிடைக்காத காலத்தில் அதே வேலைக்குப் பள்ளிப் படிப்பே போதும் என்பார்கள். இந்த ஏற்ற இறக்கம் அட்டவணையில் தெரியாது.

கல்வி நிலைகளைப் பெரிய மூட்டைகளாகக் கட்டினால் குழப்பம் இன்னும் கூடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008-ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் திறன் நிலைகள் நான்கே. எழுத்தர், விற்பனையாளர், வெல்டர், லாரி ஓட்டுநர், இயந்திரம் இயக்குபவர் எல்லோரும் இரண்டாம் நிலையில்தான் வருகிறார்கள். 'இரண்டாம் நிலைத் திறனுக்குத் தேவை கூடுகிறது' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு கணினித் தட்டச்சு கற்பதா, வெல்டிங் கற்பதா என்று யாரும் முடிவு செய்ய முடியாது. அதேபோல, 'கல்வித் தகுதி தேவையில்லை' என்ற பிரிவில் காலியிடம் குவிந்து கிடப்பதைப் பார்த்து, படிப்புக்கே மதிப்பில்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அங்கே ஆட்கள் அடிக்கடி வருவதும் போவதுமாக இருப்பதுதான் அந்தக் குவியலுக்கு முக்கியக் காரணம்.

உண்மையில் பார்க்க வேண்டியவை கல்விக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பத்திகள்: முன் அனுபவம், வேலையில் சேர்ந்தபின் தேவைப்படும் பயிற்சி. மேலே சொன்ன அமெரிக்கச் செயலகத்தின் வகைப்பாட்டில் கல்விக்கு எட்டு நிலைகள் உள்ளன. அனுபவத்துக்கு மூன்று: தேவையில்லை, ஐந்தாண்டுக்குக் குறைவு, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல். வேலையிடப் பயிற்சி ஒரு மாதத்துக்குள் முடிந்தால் குறுகியது, ஒரு மாதத்துக்கு மேல் ஓராண்டு வரை நடுத்தரம், ஓராண்டைத் தாண்டினால் நீண்டது. அப்ரண்டிஸ் பயிற்சிக்குத் தனிப் பிரிவு. மருத்துவர் போன்றோர் படிப்பு முடித்தபின் பெறும் உள்ளிருப்புப் பயிற்சிக்கும் தனிப் பிரிவு.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் படமே மாறிவிடும். எலக்ட்ரீஷியன் வேலைக்கு அங்கே பள்ளிப் படிப்பு என்றுதான் போட்டிருக்கும், ஆனால் பக்கத்துப் பத்தியில் அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கும். அது பொதுவாகச் சில ஆண்டுகள் பிடிக்கும் விஷயம். ஆனால் முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு. கட்டுமானப் பணி மேற்பார்வையாளருக்கும் பள்ளிப் படிப்பே போதும், கூடவே ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். பள்ளி முடித்த ஒருவர் அந்த மேற்பார்வையாளர் இடங்களைத் தனக்கான காலியிடமாக எண்ணக் கூடாது. மேலாளர் பதவிகளுக்கும் இதே கதைதான். பட்டதாரிகளுக்கான தேவை என்று காட்டப்படும் எண்ணிலிருந்து, அனுபவம் கேட்கும் தொழில்களை முதலில் கழித்துவிடுங்கள். புதிதாகப் படித்து முடிப்பவருக்கு உண்மையில் திறந்திருக்கும் கதவுகள் எத்தனை என்பது அதன் பிறகே தெரியும்.

அடுத்தது காலக் கணக்கு. பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். ஒன்பது மாதப் படிப்பு என்றால் ஒன்பது மாதத்தில் வேலை என்று நினைத்துவிடுகிறோம். சேர்க்கை ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றால் அதற்குக் காத்திருக்கும் காலம் நான்கு மாதம் என்று வையுங்கள். படிப்பு ஒன்பது மாதம். லைசென்ஸ் தேர்வுக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதம், முடிவும் பதிவும் வர ஒரு மாதம், வேலை தேடிச் சேர இரண்டு மாதம். கூட்டினால் பதினெட்டு மாதம்.

மறுபக்கம் அட்டவணையின் காலத்தைப் பாருங்கள். இரண்டாண்டு முன்கணிப்பு தொடங்குவது வெளியான நாளிலிருந்து அல்ல, அதன் அடிப்படைக் காலாண்டிலிருந்து, அதாவது எந்த மூன்று மாதத் தரவை வைத்து எண்ணத் தொடங்கினார்களோ அதிலிருந்து. தரவு சேகரித்து, சரிபார்த்து, வெளியிட எட்டு பத்து மாதம் ஓடிவிட்டது என்றால் கையில் மிஞ்சுவது பதினாலு பதினாறு மாதம். பதினெட்டு மாதம் கழித்து வருபவர் அந்த முன்கணிப்புக் காலம் முடிந்த பிறகே சந்தைக்குள் நுழைகிறார். அவருக்கு அந்த எண் பயன்படாது.

எனவே குறுகிய கால முன்கணிப்பு யாருக்கு? ஏற்கெனவே தகுதி உள்ளவருக்கு, கடைசி ஆண்டில் படிப்பவருக்கு, சில வாரங்களிலோ ஆறேழு மாதங்களிலோ கற்று நுழையக்கூடிய வேலையைத் தேடுபவருக்கு, சேர்ந்தபின் பயிற்சி தரும் வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு. நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்துவது, நாளைய மழை அறிவிப்பைப் பார்த்து அடுத்த ஆண்டு விதைப்புக்கு நாள் குறிப்பதைப் போன்றது. அதற்குப் பத்தாண்டு முன்கணிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லோரும் இன்றைய தேவையைப் பார்த்து ஒரே படிப்பில் சேர்ந்தால், அவர்கள் மொத்தமாக வெளியே வரும் ஆண்டில் சந்தை நிரம்பி வழியும். சம்பளம் இறங்கும், சேர்க்கை குறையும், சில ஆண்டு கழித்து மறுபடியும் பற்றாக்குறை வரும். பொறியாளர் சந்தையில் இந்தச் சுழற்சியைப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976-இலேயே காட்டியிருக்கிறார். படிப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இந்த ஆபத்தும் அதிகம்.

அடிப்படை ஆண்டையும் கவனிக்க வேண்டும். 2020 போல வேலைகள் விழுந்துகிடந்த ஓர் ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கினால், உணவகம், விடுதி போன்ற துறைகளில் தெரியும் பெரிய வளர்ச்சியில் ஒரு பங்கு இழந்த வேலைகள் திரும்பி வருவதுதான்.

சிறிய வட்டாரம் என்றால் எச்சரிக்கை இருமடங்கு தேவை. எண்களை அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி வெளியிடும் வழக்கம் உண்டு. 20 பேர் 30 ஆவது 50 சதவீத வளர்ச்சி. அந்தப் பத்துப் பேரில் சிலர் முழுமையாக்கலில் வந்தவர்களாகக்கூட இருக்கலாம். தனி நிறுவனத்தின் விவரம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில வரிகளை மறைத்துவிடுவதால் கூட்டுத்தொகையும் ஒத்துவராது. இன்னொன்று, இந்த முன்கணிப்புகள் பொதுவாக முதலில் துறைவாரியாகப் போடப்பட்டு, பிறகு ஒவ்வொரு துறையிலும் எந்தத் தொழிலாளர் என்ன விகிதத்தில் இருக்கிறார்கள் என்பதை வைத்துத் தொழில்வாரியாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு பெரிய ஆலை திறக்கப்போவதும் மூடப்போவதும் இந்த விகிதங்களுக்குத் தெரியாது. சின்ன வட்டாரத்தில் அந்த ஒரு செய்தி அட்டவணை முழுவதையும் புரட்டிப்போட்டுவிடும்.

தேவையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் போட்டியையும் எண்ணுங்கள். ஆண்டுக்கு 60 காலியிடம் உள்ள தொழிலுக்கு அதே வட்டாரத்தில் ஆண்டுக்கு 240 பேர் சான்றிதழ் வாங்குகிறார்கள் என்றால், ஓரிடத்துக்கு நான்கு பேர். அவர்களில் மேற்படிப்புக்கும் வெளியூருக்கும் போகிறவர்களைக் கழிக்க வேண்டும். ஏற்கெனவே தகுதி பெற்று வேலையில்லாமல் இருப்பவர்களையும், பக்கத்து வட்டாரத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர்களையும் கூட்ட வேண்டும். துல்லியமாக வராது. ஆனால் இரண்டுக்கு ஒன்றா, பத்துக்கு ஒன்றா என்பது தெரிந்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

பற்றாக்குறை உண்மைதானா என்று சோதிக்க, ஒரே இடத்தின் விளம்பரங்களை மூன்று மாதம் தொடர்ந்து கவனித்தால் போதும். உண்மையிலேயே ஆள் கிடைக்கவில்லை என்றால் சம்பளம் ஏறும், அனுபவ நிபந்தனை தளரும், 'பயிற்சி நாங்களே தருகிறோம்' என்ற வரி வரும். சம்பளமும் நிபந்தனையும் மாறாமல் அதே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் அங்கே ஆட்கள் சேர்ந்த வேகத்தில் விலகுகிறார்கள் என்று பொருள்.

பயிற்சி நிறுவனத்தில் பணம் கட்டுவதற்கு முன் அங்கே நான்கு விவரங்களைக் கேளுங்கள். போன முறை சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், லைசென்ஸ் தேர்வில் முதல் முயற்சியில் தேறியவர்கள் எத்தனை பேர், ஆறு மாதத்துக்குள் படித்த தொழிலிலேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? சதவீதமாகச் சொன்னால் எண்ணிக்கையாகக் கேளுங்கள். 'வேலைக்குச் சேர்ந்தவர்' என்ற கணக்கில் வேறு தொழிலுக்குப் போனவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பிறகு அந்தத் தொழிலில் ஆளெடுக்கும் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் போய், கடைசியாக எடுத்த ஐந்து பேர் என்ன படித்திருந்தார்கள், எத்தனை ஆண்டு அனுபவத்தோடு வந்தார்கள் என்று விசாரியுங்கள். அட்டவணையின் கல்விப் பத்தி உங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பது அந்த ஐந்து பேரைப் பற்றிக் கேட்கும்போதே தெரிந்துவிடும்.