முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்றால்…

சென்ற மழைக்காலத்தில் அல்சூரிலிருந்து ஒரு அக்கா தன் நாயை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து வயது நாட்டு நாய், பெயர் ராணி. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது, காதுக்குள் உண்ணிகள். பெங்களூரில் இது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. உண்ணி கடித்து உள்ளே போகும் பேபீசியா என்ற நுண்கிருமி, ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறது. ராணியின் பி.சி.வி. அளவு, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 12 சதவீதம். ஆரோக்கியமான நாய்க்கு 37க்கு மேல் இருக்க வேண்டும்.

ராணிக்கு ரத்தம் கொடுக்கப் பக்கத்து வீட்டு லாப்ரடாரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். "சீக்கிரம் ஏத்திடுங்க டாக்டர். போன வருஷமும் வேற க்ளினிக்ல ஏத்தினாங்க, ஒண்ணும் ஆகல."

என்னை நிறுத்தியது அந்தக் கடைசி வார்த்தைதான்.

நாய்களுக்கும் ரத்த வகைகள் பல உண்டு. அவற்றில் முக்கியமானது டி.இ.ஏ. 1. சிவப்பணுவில் அது இருந்தால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ். நமக்கு ஏ, பி, ஓ வகைகளில் மாற்று வகை ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சிறு வயதிலேயே உடம்பில் வந்துவிடுகிறது. டி.இ.ஏ. 1 நெகட்டிவ் நாய்க்கு அப்படி இயல்பாக இருப்பதில்லை. அதனால் முதல் தடவை பாசிட்டிவ் ரத்தம் ஏற்றினாலும் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் சில நாட்களில் எதிர்ப்பொருள் உருவாகிவிடும். அடுத்த தடவை அதே வகை உள்ளே போனால் ஏற்றிய அணுக்கள் உடைந்து சிதறும். காய்ச்சல், வாந்தி, கருஞ்சிவப்பாகச் சிறுநீர், சில நாய்களுக்கு உயிரே போய்விடும். (பூனை வளர்ப்பவர்கள் கவனிக்கவும்: பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் முதல் தடவையே ஆபத்து.)

ரத்த வகைச் சோதனை அட்டையில் ராணி நெகட்டிவ், லாப்ரடார் பாசிட்டிவ். ராணியின் பிளாஸ்மாவோடு லாப்ரடாரின் சிவப்பணுக்களைச் சேர்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்சும் செய்தேன். குழாயைச் சாய்த்தபோது ரத்தம் சீராக வழியவில்லை. திரிந்த பால் மாதிரி துணுக்குத் துணுக்காக நின்றது. ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அக்காவிடம் அதைக் காட்டினேன். அதன் பிறகு அவர் அவசரப்படுத்தவே இல்லை.

அட்டை டி.இ.ஏ. 1 ஒன்றைத்தான் சொல்லும். முன்பு ரத்தம் ஏறிய நாய் என்றால் கிராஸ்மேட்ச் கட்டாயம், அதே நாய் மறுபடி ரத்தம் கொடுத்தாலும் சரி. கொடுக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல், தடுப்பூசி போட்டது, இதுவரை ரத்தம் ஏற்றாதது என்று இருக்க வேண்டும். நம் ஊரில் உண்ணி நோய்ச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. வாலாட்டிக்கொண்டு வரும் நாயின் ரத்தத்திலும் பேபீசியா ஒளிந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் முருகேஷ்பாளையாவிலிருந்து ஒரு நெகட்டிவ் நாய் கிடைத்தது. கிராஸ்மேட்ச் ஒத்துப்போனது. முதல் அரை மணி நேரம் மெதுவாகச் சொட்டவிட்டு, கால் மணிக்கு ஒரு முறை காய்ச்சலும் நாடியும் பார்த்தோம். நான்கு மணி நேரத்துக்குள் பை முடிந்தது. மறுநாள் காலை ராணி எழுந்து தண்ணீர் குடித்தாள்.

பழைய க்ளினிக்கில் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தந்திருக்கவில்லை. ராணியின் தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன்: டி.இ.ஏ. 1 நெகட்டிவ், இரண்டு முறை ரத்தம் ஏறியது, கிராஸ்மேட்ச் இல்லாமல் ஏற்ற வேண்டாம்.