தைரொக்சின் குளிசையில் பிள்ளைக்கும் பங்கு உண்டு

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் மச்சாளுக்கு இது கர்ப்பத்தின் ஏழாவது வாரம். போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது, அலுமாரித் தட்டில் கிடந்த தைரொக்சின் அட்டையில் ஐந்து நாள் குளிசைகள் உடைக்கப்படாமல் இருந்தன. நான்கு வருடங்களுக்கு முன் கழுத்துக் கழலைக்குச் சத்திரசிகிச்சை செய்து தைரொயிட் சுரப்பியை முழுதாக எடுத்தவள் அவள். "பிள்ளைக்குக் கூடாது என்று மாமி சொன்னார், அதுதான் விட்டுவிட்டேன்" என்றாள்.

கர்ப்பிணி கண்ட குளிசையையும் போடக்கூடாது என்பது நல்ல எச்சரிக்கைதான். ஆனால் தைரொக்சின் வேறு வகை. தைரொயிட் சுரப்பி தானே செய்துகொள்ளும் ஹோர்மோன் அது. சுரப்பி இல்லாதவருக்கும் நலிந்துபோனவருக்கும் அதையே குளிசையாகக் கொடுக்கிறார்கள். வயிற்றிலுள்ள பிள்ளையின் சுரப்பி ஏறத்தாழ 12ஆவது வாரத்தில்தான் ஹோர்மோன் சுரக்கத் தொடங்கும். ஓரளவு முதிர 18 முதல் 20 வாரங்கள் ஆகும். அதுவரை பிள்ளையின் மூளை வளர்வது தாயின் தைரொக்சினைக் கொண்டுதான்.

அதனால் தேவை குறைவதில்லை, கூடுகிறது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது, இரத்தத்தில் தைரொக்சினைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை ஈரல் அதிகமாகச் செய்கிறது. தைரொக்சினின் பெரும்பகுதி அதில் ஒட்டிக்கொள்ள, உடலுக்கு உதவும் கட்டற்ற பகுதி குறைந்துபோகும். நஞ்சுக்கொடியும் ஒரு பங்கைச் சிதைக்கிறது, பிள்ளைக்கும் ஒரு பங்கு போகிறது. சுகமான சுரப்பி என்றால் இதைச் சமாளித்துவிடும். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பத்தைக் காட்டித்தரும் அதே ஹோர்மோன் சுரப்பியையும் தூண்டிவிடுகிறது. மச்சாளுக்குத் தூண்டிவிடச் சுரப்பி இல்லை. முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போவது இதனால்தான்.

பலருக்கு நூற்றுக்கு 25 முதல் 50 வீதம் வரை கூட்ட வேண்டி வருகிறது. கர்ப்பம் உறுதியானதும் வாரத்துக்கு 7 குளிசைகளை 9 ஆக்கும் வழக்கமும் வைத்தியர்களிடம் உண்டு. ஆனால் உங்கள் அளவை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். தயவுசெய்து நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) பார்ப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பிவிடலாம்.

"ஐந்து நாள் விட்டேனே, பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா?" மச்சாளின் கண் கலங்கிவிட்டது. தைரொக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் எடுக்கும். ஆகவே இருப்பு குறைந்திருக்கும், முற்றாகத் தீர்ந்திருக்காது. இன்றே தொடங்கு, நாளைக்கே பரிசோதனைக்கு இரத்தம் கொடு என்றேன்.

குடிக்கும் முறையும் முக்கியம். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. தேத்தண்ணீர் அரை மணி நேரமாவது கழித்து. கிளினிக்கில் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளைத் தரத் தொடங்கியதும் எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். அவை குடலிலேயே தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும். இடையில் நான்கு மணி நேரம் வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்துமாவான திரிபோஷாவிலும் சோயாவும் பால்மாவும் இருப்பதால், அதைக் காலையில் தைரொக்சினோடு சேர்க்காமல் பின்னேரத்துக்கு வைப்பது நல்லது.

மச்சாள் அப்போதே மருத்துவமாதுவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். வரும்போது பழைய நோய் நிர்ணய அட்டையையும் கொண்டுவரச் சொன்னார் அவர். சத்திரசிகிச்சை எதற்காக நடந்தது என்பது வைத்தியருக்குத் தெரிய வேண்டும். சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்ததால் எடுத்திருந்தால், அதைத் தூண்டிய பிறபொருளெதிரிகள் இன்னும் இரத்தத்தில் இருந்து, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் சுரப்பியையும் தூண்டக்கூடும். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

அட்டையைத் தேடி எடுத்தது மாமிதான். கலியாணச் சேலைகளுக்கு அடியில், பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்தார்.