யூகலிப்டஸ் ‘வருடாந்திரச் செடி’யா?

பிரிட்டன் தோட்டக் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர்கள் ‘யூகலிப்டஸை வேகமாக வளரும் வருடாந்திர அலங்காரச் செடியாக வளர்க்கலாம்’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஆங்கிலத்தில் ஆனுவல். ஆண்டைக் குறிக்கும் லத்தீன் ‘ஆனஸ்’ வழியாக வந்தது. தாவரவியலில் அதன் பொருள், ஒரே வளர்பருவத்தில் முளைத்துப் பூத்துக் காய்த்து மடிவது. தமிழில் வருடாந்திரம் என்றால் வருடந்தோறும் திரும்ப வருவது: வருடாந்திரத் திருவிழா, வருடாந்திரச் சந்தா. அப்படியானால் வருடாந்திரச் செடி என்று படிக்கிறவர் ஆண்டுதோறும் தழைத்து வரும் செடி என்றுதானே எடுத்துக்கொள்வார்? சொல்ல வந்ததற்கு நேரெதிர். வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை, பொருள் தலைகீழாகிறது என்பதுதான் என் கோபம்.

சரி, ‘ஓராண்டுச் செடி’ என்கிறார்கள் சிலர். தூய தமிழ்தான். ஆனால் ஓராண்டுக் கன்று என்றால் நமக்கு ஒரு வயதான கன்று. யூகலிப்டஸ் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம், ஏனென்றால் அது மரம். நீலகிரியில் கற்பூர மரம், புதுக்கோட்டைப் பக்கம் தைல மரம் என்று நாம் அண்ணாந்து பார்ப்பது. அதை பிரிட்டனில் குளிர்காலக் கடைசியில் கண்ணாடிக் கூடத்தில் விதைத்து, உறைபனி போனதும் பூம்பாத்தி நடுவில் நடுகிறார்கள். கோடை முடிவதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். பூவுக்காக இல்லை, இலைக்காக. இளஞ்செடியின் இலை நாம் அறிந்த அரிவாள் இலை இல்லை. காம்பே இல்லாமல் எதிரெதிராகத் தண்டை அணைத்து நிற்கும், தடவினால் நீலச்சாம்பல் மாவு விரலில் ஒட்டும். அடுத்த உறைபனியில் பெரும்பாலும் கருகிவிடும், இல்லாவிட்டால் பிடுங்கிவிடுவார்கள். முழு ஆண்டுகூட ஆகாது.

அதனால் பள்ளித் தாவரவியல் நூல்களில் இருக்கிற ‘ஒருபருவச் செடி’யே சரி. இருபருவம், பல்பருவம் என்று அதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. இயல்பில் பல்பருவ மரமான யூகலிப்டஸை அங்கே ஒருபருவச் செடியாக வளர்க்கிறார்கள் என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

பாடநூலைப் புரட்டாமல், செடியையும் பாராமல் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது. ‘ஹாஃப் ஹார்டி ஆனுவல்’ என்பதை ‘பாதி கடினமான வருடாந்திரம்’ என்று போடுகிறார்கள். கடினம் எங்கே வந்தது? செடியைப் பற்றிப் பேசும்போது ‘ஹார்டி’ என்றால் குளிர் தாங்குவது. உறைபனி தாங்காத ஒருபருவச் செடி என்று எழுதுங்கள், எப்போது வெளியே நட வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.