நோட்டில் பூஜ்யம், உடம்பில் வலி

சிக்கிள் செல் நோய், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். அதில் ஆய்வு செய்ய வரும் இளம் மருத்துவர்களும் மாணவர்களும் முதல் நாளே கேட்பது மரபணு சிகிச்சையைப் பற்றித்தான். கேட்கட்டும், தப்பில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரே நாளில் இரண்டு மரபணு சிகிச்சைகளுக்கு அனுமதி கிடைத்தபோது எனக்கும்தான் தலைகால் புரியவில்லை. ஆனாலும் அவர்களை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புவதில்லை. நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்குத்தான் அனுப்புகிறேன்.

இந்தப் பழக்கம் ஒரு எக்செல் ஷீட்டிலிருந்து வந்தது. ஒரு மாணவி ஆறு மாதம் உழைத்துத் தயாரித்த அட்டவணையைக் கொண்டுவந்தார். 'ஓராண்டில் வலி நெருக்கடி' (இந்த நோயில் திடீரென்று வரும் கடும் வலி) என்ற இடத்தில் ஓர் இளைஞனுக்கு 0 என்று இருந்தது. அவன் அன்றைக்கு மாத்திரை வாங்க வந்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டோம்.

"போன வாரம்கூட மூணு நாள் படுத்தே கிடந்தேன் டாக்டர். அவசரப் பிரிவுக்குப் போனா ஊசிக்காக நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க. ஒத்தடம் கொடுத்துக்கிட்டு வீட்லயே இருந்துடுவேன்."

மாணவி பேசவே இல்லை. தப்பு அவர் மேல் இல்லை. கேஸ் ஷீட்டைப் பார்த்தார், அட்மிஷன் இல்லை, பூஜ்யம் போட்டார். அதே மாதிரிப் பூஜ்யம் அந்த அட்டவணையில் இன்னும் எத்தனை இருக்கிறதோ என்றுதான் இருவருக்கும் கவலை.

வர்ஜீனியாவில் 232 பெரியவர்களைத் தினமும் டைரி எழுதவைத்து நடத்திய ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. அவர்கள் எழுதிய நாட்களில் பாதிக்கு மேல் வலி இருந்தது. வலிக்காகச் சிகிச்சை தேடிப் போன நாட்களோ நூற்றுக்கு நான்குகூட இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்து ஆய்வு செய்பவர் பார்ப்பது அந்தச் சிறு துண்டைத்தான்.

எதை எண்ணுகிறோம் என்பது மருந்துகளின் தலையெழுத்தையும் மாற்றும். இந்த நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா மருந்தின் ஆய்வில் வலி நெருக்கடிகளையே எண்ணினார்கள். கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததால் 1995-இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அந்த மருந்து இன்றும் நம் கையில் இருக்கிறது. வாக்ஸெலோட்டர் என்ற இன்னொரு மருந்து, ஹீமோகுளோபின் அளவு ஏறுகிறது என்ற அடிப்படையில் 2019-இல் அனுமதி பெற்றது. அளவு ஏறியதும் உண்மைதான். ஆனால் வலி நெருக்கடிகள், மரணங்கள் பற்றிய தரவுகள் கவலை தந்ததால் 2024 செப்டம்பரில் நிறுவனமே அதை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. இதைச் சொல்லும்போது மாணவர்கள் நோட்டை மூடிவிட்டுக் கேட்பார்கள்.

அப்புறம் மைக்ராஸ்கோப். ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்காருவதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கண்ணால் பார்த்தவர் குறைவு. ஒரு சொட்டு ரத்தத்தோடு சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து, கவர் ஸ்லிப்பால் மூடி, காற்றுப் புகாமல் ஓரத்தை அடைத்து வைக்கச் சொல்வேன். ஆக்சிஜன் தீரத் தீர, வட்டமாக இருந்த செல்லின் ஓரங்கள் கூர்மையாகி, மெல்ல வளைந்து அரிவாளாக நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கேட்பேன்: "இவருக்கு நோய் இருக்கிறதா?" பாதிப்பேர் இருக்கிறது என்பார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாறிய மரபணுவை வாங்கி, நோயில்லாமல் அதைச் சுமப்பவரின் ரத்தமும் இந்த ஸ்லைடில் வளையும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸோ எச்.பி.எல்.சி.யோ செய்யாமல் முடிவு சொல்லக் கூடாது. 1970-களில் அமெரிக்காவில் பரிசோதனையை அவசரமாகப் பரப்பியபோது நோயையும் மரபணு சுமப்பதையும் போட்டுக் குழப்பினார்கள். ஆரோக்கியமாக இருந்தவர்கள் வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கப்பட்டார்கள்.

புள்ளியியல், நெறிமுறைக் குழு, நிதி விண்ணப்பம் எல்லாம் உண்டுதான். அதற்குப் பயிலரங்குகள் போதும். பயிலரங்கில் கிடைக்காதது வழிகாட்டியின் நேரம். நோயாளிக்கு வாழ்நாள் முழுக்க இருக்கும் நோயை, இரண்டு வருட நிதியை வைத்துக்கொண்டு துரத்தும் இளைஞருக்குப் பக்கத்தில் ஒரு மூத்தவர் உட்கார வேண்டும். பல துறைகளில் நடப்பது கையெழுத்து மட்டும்தான், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

'நாங்கள் ஜூனியர்கள்தானே' என்பவர்களுக்கு 1904-ஐச் சொல்வேன். இந்த நோயைப் பற்றி 1910-இல் வெளியான முதல் கட்டுரை ஜேம்ஸ் ஹெரிக் பெயரில் இருக்கிறது. 1904-இல் அந்த வினோத செல்களை ரத்தத்தில் முதலில் கவனித்தவரோ அவரிடம் பயிற்சியில் இருந்த எர்னஸ்ட் அயன்ஸ்.

சரி, அந்த அட்டவணை என்ன ஆயிற்று? மாணவி கேள்வித்தாளைப் புதிதாக எழுதி, முதலில் அதே இளைஞனிடம்தான் காட்டினார். 'கடந்த மாதம் எத்தனை நாள் வலி இருந்தது?' என்ற கேள்வியில் அவன் நின்றுவிட்டான். "வலி இல்லாத நாள் எத்தனைன்னு கேளுங்க மேடம், அதுதான் ஞாபகம் இருக்கும்." மாணவி அங்கேயே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, அவன் சொன்னபடி எழுதிக்கொண்டார்.