பெப்டைடு: செரிமானம் தந்த பெயர்

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘சி-பெப்டைடு’ என்று வருகிறது. முகப்பூச்சு விளம்பரத்தில் பெப்டைடு வருகிறது. உடல் எடையைக் குறைக்கும் ஊசி பற்றிய செய்தியிலும் அதே சொல். மூன்று இடத்திலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: அமினோ அமிலங்கள் கைகோத்து நிற்கும் குறுகிய தொடர்.

ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் முனையும் அடுத்ததன் அமினோ முனையும் சேரும்போது நீர் மூலக்கூறு ஒன்று வெளியேறி, இரண்டும் பிணைகின்றன. அதுதான் பெப்டைடு பிணைப்பு. தொடர் நீண்டு, மடிந்து, தனக்கென ஒரு வடிவம் கொண்டுவிட்டால் அதைப் புரதம் என்கிறோம். இந்தத் தொடர் எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதை வரைபடமாக்கி 1963-இல் வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஜி.என். ராமச்சந்திரனின் குழு. ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் உலகெங்கும் உயிர்வேதியியல் பாடத்தில் இருக்கிறது.

பெப்டைடு எங்கே முடிகிறது, புரதம் எங்கே தொடங்குகிறது என்பதற்குக் கறாரான விதி இல்லை. ஏறத்தாழ ஐம்பது அமினோ அமிலங்கள் என்பது வழக்கம். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் வரப்பின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், சில நூல்கள் அதைப் பெப்டைடு என்கின்றன, சில புரதம் என்கின்றன. இரண்டும் தவறில்லை.

பெயர் சூட்டியவர் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர். சர்க்கரைகளையும் பியூரின்களையும் ஆராய்ந்ததற்காக 1902-இல் நோபல் பரிசு பெற்றவர். அந்த நேரத்தில் அவருடைய கவனம் புரதங்களின் பக்கம் திரும்பியிருந்தது. முந்தைய ஆண்டுதான் கிளைசின் என்ற அமினோ அமிலத்தை இரண்டிரண்டாக இணைத்துக் காட்டியிருந்தார். இந்தப் புதுவகைச் சேர்மங்களுக்கு ஒரு பெயர் வேண்டும். இறைச்சி, முட்டை போன்றவற்றின் புரதத்தை இரைப்பைச் சாறு சிதைத்தபின் கிடைக்கும் கலவையைப் ‘பெப்டோன்’ என்று அப்போதே அழைத்து வந்தார்கள். அதிலிருந்து தலையை எடுத்தார். வாலைத் தமக்குப் பழக்கமான சர்க்கரை வேதியியலிலிருந்து எடுத்தார். டைசாக்கரைடு, பாலிசாக்கரைடு என்பதுபோல டைபெப்டைடு, பாலிபெப்டைடு.

தலைப்பகுதியின் வேர் ‘பெப்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல். செரித்தது, வெந்தது என்று பொருள். 1836-இல் தியோடர் ஷ்வான் இரைப்பையில் கண்டறிந்த நொதிக்குப் ‘பெப்சின்’ என்று பெயரிட்டதும் இதே வேரிலிருந்துதான். அஜீரணத்தைக் குறிக்கும் ‘டிஸ்பெப்சியா’ இதன் மற்றொரு கிளை. பெப்சி பானத்தின் பெயரும் அங்கிருந்தே வந்தது என்பது தனிக் கதை. நமக்கு நெருக்கமான உறவு ஒன்றும் உண்டு. வடமொழி ‘பக்வ’ இந்தக் கிரேக்கச் சொல்லுடன் ஒரே வேரில் பிறந்தது. அடுப்படியில் நாம் சொல்லும் ‘பக்குவம்’ அதன் வழி வந்ததே.

ஆக, செரிமானத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் இந்தப் பொருளுக்குச் செரிமானமே பெரும்பகையாக இருக்கிறது. பெப்டைடு மருந்தை விழுங்கினால், பருப்பையும் மீனையும் எப்படி நறுக்குமோ அப்படியே பெப்சின் அதையும் நறுக்கிவிடும். மருந்து, சாப்பாடு என்ற பேதம் இரைப்பைக்குத் தெரியாது. 1922 ஜனவரியில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்டது முதல் இன்சுலின் பெரும்பாலும் ஊசியாகவே இருப்பதற்கு இதுவே முதல் காரணம். இரத்தத்தில் சேர்ந்தாலும் ஆயுள் குறைவு. குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற இயற்கைப் பெப்டைடு இரண்டொரு நிமிடங்களில் பாதியாகக் கரைந்துவிடுகிறது.

பெப்டைடு மருந்தியலில் பாதி உழைப்பு இந்தச் சிதைவைத் தள்ளிப்போடுவதில்தான் கழிகிறது. நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளூட்டைடு என்ற மருந்து அதற்கு நல்ல சான்று. ஜி.எல்.பி.-1-ஐ ஒத்த தொடரில் ஒரு கொழுப்பு அமில வாலைத் தொங்கவிட்டார்கள். அந்த வால் இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. மருந்து பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகிறது. வாரம் ஓர் ஊசி போதும். 2019-இல் இதன் மாத்திரை வடிவம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரையில் உள்ள ஒரு துணைப்பொருள் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்து, பெப்சினைச் சற்றுநேரம் முடக்குகிறது. அந்த இடைவெளியில் இரைப்பைச் சுவர் வழியாக மருந்து கொஞ்சம் உள்ளே போகிறது. கொஞ்சம் என்றால் உண்மையிலேயே கொஞ்சம்: ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. ஊசியில் வாரத்துக்கு 1 மில்லிகிராம் போதும் என்ற இடத்தில், அந்த மாத்திரையில் தினம் 14 மில்லிகிராம் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கெடுபிடியும் இதனால்தான்.

நோயறிவதில் பெப்டைடின் பணி வேறு. முதலில் சொன்ன சி-பெப்டைடையே எடுத்துக்கொள்வோம். கணையம் இன்சுலினை நேரடியாகச் செய்வதில்லை. நீளமான முன்வடிவம் ஒன்றைச் செய்து, நடுவிலிருந்து 31 அமினோ அமிலத் துண்டை வெட்டி எடுக்கிறது. அந்தத் துண்டுதான் சி-பெப்டைடு. ‘சி’ என்பது இணைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. எத்தனை இன்சுலின் மூலக்கூறோ அத்தனை துண்டு. கடையில் வாங்கும் இன்சுலினில் இந்தத் துண்டு கிடையாது. எனவே ஊசி போட்டுக்கொள்பவரிடமும் அவருடைய சொந்தக் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்பதை இது காட்டிக்கொடுக்கும். சர்க்கரை தாழ்ந்து, இன்சுலின் உயர்ந்து, சி-பெப்டைடு மட்டும் குறைந்திருந்தால், இன்சுலின் வெளியிலிருந்து வந்தது என்று மருத்துவர் புரிந்துகொள்வார்.

இன்னொரு வழி, பெப்டைடையே ஒற்றனாக அனுப்புவது. சோமட்டோஸ்டாட்டின் என்ற 14 அமினோ அமில ஹார்மோனைச் சுருக்கி, எட்டே அமினோ அமிலங்களில் ஆக்ட்ரியோடைடு என்ற மருந்தைச் செய்தார்கள். இதிலும் நொதிகளை ஏமாற்றச் சில அமினோ அமிலங்களின் கண்ணாடிப் பிம்ப வடிவம் சேர்க்கப்பட்டது. இதன் நெருங்கிய உறவான ஒரு பெப்டைடில் காலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பூட்டி இரத்தத்தில் விட்டால், சோமட்டோஸ்டாட்டின் ஏற்பிகள் மிகுந்த கட்டிகளில் போய் ஒட்டிக்கொள்ளும்; ‘பெட்’ ஸ்கேனில் அவை ஒளிரும். காலியத்தை எடுத்துவிட்டு லுட்டீசியம்-177-ஐப் பூட்டினால் அதே பெப்டைடு மருந்தாகிறது: கட்டியை அருகிலிருந்தே கதிர்வீச்சால் தாக்குகிறது. ஸ்கேனுக்கு 2016-இலும் சிகிச்சைக்கு 2018-இலும் அமெரிக்கா அனுமதி தந்தது.

இனி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘பெப்டைடு’தான். வல்லின மெய்யில் சொல் முடியாது என்ற மரபுப்படி இறுதியில் உகரம் சேர்த்து எழுதுவது சரி, ‘பெப்டைட்’ வேண்டாம். கிரேக்கப் பொருளை அப்படியே பெயர்த்துச் ‘செரிபொருள்’ என்றால் வாசகர் சோற்றைத்தான் நினைப்பார். ‘புரதத்துணுக்கு’ சி-பெப்டைடுக்குப் பொருந்தும். ஆனால் ஆக்ட்ரியோடைடு எந்தப் புரதத்திலிருந்தும் உடைந்து விழுந்ததில்லை. ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகக் கோத்தது. ‘குறும்புரதம்’ என்று ஆக்கிப் பார்த்தால் கண் அதைக் ‘குறும்பு ரதம்’ என்றே படிக்கிறது. என் தேர்வு ‘சிறுபுரதம்’. நோயாளிக்கான குறிப்பேட்டிலும் நாளிதழ்க் கட்டுரையிலும் அது உடனே விளங்கும். வேதியியலில் மட்டும் அது நொண்டும்: பாலிபெப்டைடைப் ‘பல்சிறுபுரதம்’ என்பது சொல்லுக்குள்ளேயே முரண். அங்கே பெப்டைடை அப்படியே வைத்துக்கொண்டு, இருபெப்டைடு, முப்பெப்டைடு என எண்ணை மட்டும் தமிழில் எழுதலாம். பரிசோதனைச் சீட்டில் ‘சி-பெப்டைடு’ மாறவே கூடாது. அங்கே பெயர் குழம்பினால் வேறு பரிசோதனை நடந்துவிடும்.