சத்தம் வருகிறது, படம் வரவில்லை

அக்காவின் வளைகாப்பு வீடியோ கூகுள் டிரைவ் வழியாக வந்தது. புது ஐபோனில் எடுத்தது. அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு போனில் திறந்தால் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்கின்றன, திரை மட்டும் கறுப்பு. கோப்பின் பெயரில் எம்ஓவி என்று இருந்ததை எம்பி4 என்று மாற்றிப் பார்த்தேன். பலன் இல்லை.

இருக்கவும் முடியாது. எம்ஓவி, எம்பி4, எம்கேவி எல்லாம் டப்பாவின் பெயர்கள். டப்பாவுக்குள் படம் தனியாக, ஒலி தனியாக, இரண்டையும் இணைக்கும் நேர அட்டவணை தனியாக இருக்கும். படத்தை எந்த முறையில் சுருக்கினார்கள் என்பதைப் பெயர் சொல்லாது. அந்த முறைதான் கோடெக். ஒரே எம்பி4 டப்பாவில் 2003இல் வந்த எச்.264 இருக்கலாம், 2013இல் வந்த எச்.265 இருக்கலாம், 2018இல் வந்த ஏவி1 கூட இருக்கலாம்.

சுருக்காமல் வைத்தால் என்ன ஆகும்? ஃபுல் எச்டி படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 30 படம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 187 எம்பி. ஒரு நிமிட வீடியோ 11 ஜிபியைத் தாண்டிவிடும்! கோடெக் இதை அழகாகச் சமாளிக்கிறது. அக்காவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை, அதை நொடிக்கு 30 முறை எழுத வேண்டாம். வளையல் போடும் கை நகர்ந்தால், ‘போன படத்தில் இங்கிருந்த துண்டு இவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது’ என்று ஒரு குறிப்பு போதும். எச்.264 அதிகபட்சம் 16 × 16 புள்ளித் துண்டுகளாகப் பிரிக்கும். எச்.265 சுவர் போன்ற இடங்களுக்கு 64 × 64 வரை பெரிய துண்டு எடுக்கும். இதுபோன்ற பல நுணுக்கங்களால் அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தருகிறது.

இந்தக் குறிப்புகளை மறுபடி படமாக்க, போனின் சிப்பிலேயே தனிச் சுற்று உண்டு. தயாரிக்கும்போது அதற்கு எது தெரியுமோ அதுதான் கடைசிவரை, அப்டேட் போட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது. சுற்றுக்குத் தெரியாததை விஎல்சி போன்ற செயலி மென்பொருளாலேயே பிரித்துக் காட்டலாம். ஆனால் போன் சூடாகும், பேட்டரி இறங்கும், 4கே என்றால் பெரும்பாலும் திக்கும்.

சரி, அக்காவின் வீடியோ எச்.265, அம்மாவின் போனும் எச்.265 தெரிந்ததுதான். அப்புறம் ஏன் திரை கறுப்பு? இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம். அந்தச் சுற்றுக்கு ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகள் கொண்ட 8 பிட் வீடியோதான் பழக்கம். 2020இல் வந்த ஐபோன் 12 முதல் எச்டிஆர் வீடியோ, அதாவது வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் நுணுக்கமாகக் காட்டும் வகை, 10 பிட். அப்படியென்றால் 1024 படிகள். கோடெக்கின் பெயர் ஒன்று, உள்ளிருக்கும் வகை வேறு. ஒலி மட்டும் எல்லாப் போனுக்கும் தெரிந்த ஏஏசி என்ற ஒலிக் கோடெக். அதனால்தான் சிரிப்பு கேட்டது.

இதற்கு நேர்மாறாக, சில எம்கேவி படங்களில் காட்சி வரும், ஒலி வராது. உள்ளே டிடிஎஸ் என்ற இன்னொரு கோடெக்கில் சுருக்கிய ஒலி இருந்து, செயலியில் அதைப் பிரிக்கும் வசதி இல்லாவிட்டால் அப்படித்தான்.

டப்பா மட்டும் ஒத்துவரவில்லை என்றால், உள்ளிருப்பதை அப்படியே வேறு டப்பாவுக்கு மாற்றலாம். பெரும்பாலும் நொடிகளில் முடியும், தரம் குறையாது. கோடெக்கே சிக்கல் என்றால் பிரித்து மறுபடி சுருக்க வேண்டும். நேரம் பிடிக்கும், தரமும் கொஞ்சம் போகும். வளைகாப்பு வீடியோவுக்கு இரண்டாவது வழிதான். இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டு 8 பிட் எச்.264 ஆக மாற்றினேன். நிறம் சற்று மங்கல்தான். அம்மா அதைக் காலையில் இரண்டு முறை பார்த்தார்.